பின் அறையில் அஞ்சு கோடு

கதவு முழுசாகத் திறக்கவில்லை. சங்கிலி போட்டபடியே, இடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"யாரு?"

"நெட்டு சிக்னல் சரி பண்ண வந்துகீறோம்," என்றான் ஜெரோம். பொய் சொல்லும்போது அவன் குரல் தானாகவே ஒரு கட்டை ஏறிவிடும். இன்றைக்கு இரண்டு கட்டை ஏறியிருந்தது.

அந்தக் கண் அவனைத் தாண்டி, பின்னால் குடையை மடக்கிக்கொண்டிருந்த காமுவைப் பார்த்தது. காமு லேசாகத் தலையசைத்தாள். சங்கிலி விழுந்தது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள் காமு. நாற்பதைத் தாண்டியவள். அவள் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவளுக்கும் சேர்த்து அவளுடைய உதவியாளன் ஜெரோம் பேசிவிடுவான். பயம் வந்தால் இன்னும் கூடுதலாகப் பேசுவான். இன்றைக்குக் காலையிலிருந்து அவன் வாய் மூடவே இல்லை.

காலையில் வந்த போன்தான் காரணம். கேம்ப் ரோட்டில் உள்ள ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஒரு பெண் அழாத குறையாகப் பேசினாள். "நான் யாருக்கு என்ன எழுதினாலும் இன்னொருத்தனுக்குத் தெரிஞ்சிடுது மேடம். வீட்ல எதையும் நம்ப முடியல. டிடெக்டிவ்னு சொல்லிட்டு வராதீங்க. பின் ரூம்ல சிக்னல் கிடைக்கல, சரி பண்ண வந்தோம்னு சொல்லுங்க. இன்னிக்கே வாங்க. நாளைக்கு வீட்டை எழுதிக் கொடுத்துடப் போறேன்."

அவள்தான் இப்போது கதவைத் திறந்த மஹாலட்சுமி. இருபத்தைந்து வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகியிருக்க வேண்டும்.

வீடு ரயில் பெட்டிபோல ஒரே நீளமாக இருந்தது. முதலில் ஹால், அதை அடுத்து படுக்கையறை, சமையலறை, கடைசியில் ஓர் அறை. அவளுடைய அம்மா செல்வம்மாள் நர்ஸ் வேலை பார்த்துக் கட்டிய வீடு. அம்மா போன பிறகு மகள் பேருக்கு வந்தது. கணவன் பரணி ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். மஹாலட்சுமி வீட்டிலிருந்தபடியே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் செய்தாள். டாக்டர்கள் பேசி அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்கும் வேலை. ஹாலில் தெருச் சத்தம் என்பதால் கடைசி அறையில் உட்கார்ந்து செய்வாள்.

ஜெரோம் சுற்றிப் பார்த்தான். இன்டர்நெட் மோடம் ஹாலில், இரும்பு பீரோவுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் இருந்த சந்தில் செருகியிருந்தது. மேலே பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது.

"இன்னா மேடம் இது? ரெண்டு இரும்புக்கு நடுவுல பூட்டி வெச்சி, மேல போர்வையும் போத்தினா சிக்னல் எப்டி கடைசி ரூமுக்கு வரும்? ஜெயில்ல போட்டுட்டு கச்சேரி பண்ணுன்ற மாரி கீது."

"அவர் போன தடவை லீவுல வந்தப்போ வாங்கி மாட்டினது. இந்த இடத்துலதான் பிளக் இருந்துச்சு. பின் ரூம்ல ஒரு கோடுதான் வரும். அதுவும் விட்டு விட்டு வரும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா சார், இப்போ கொஞ்ச நாளா அங்கே நல்லா வருது. அஞ்சு கோடும் வருது."

அதுவரை பேசாமல் இருந்த காமு நிமிர்ந்தாள். "மோடத்தை நகர்த்தினியாம்மா?"

"இல்லைங்க."

"யாராவது வந்து ஏதாவது மாட்டினாங்களா?"

"யாரும் வரல."

"ஒருத்தரும் தொடாம சிக்னல் தானாவே சரியாயிடுச்சு?"

"தானா சரியானா நல்லதுதானே யக்கா?" என்றான் ஜெரோம். "என் பல்வலியும் அப்டித்தான் போச்சி."

காமு சிரிக்கவில்லை. "வா, ரூமைப் பார்க்கலாம்."

அறைக்குள் நுழைந்ததும் ஜெரோம் "அம்மாடி!" என்று கத்திவிட்டு இரண்டு அடி பின்னால் வந்து காமுவின் காலை மிதித்தான்.

ஜன்னலுக்கு வெளியே, பின்தெருவில் பாதி கட்டி நின்ற அடுக்குமாடியின் இரண்டாம் தளத்திலிருந்து ஒரு பெரிய முகம் குனிந்து அவனையே பார்த்தது. கறுப்பு முகம். முட்டைக் கண்கள். நெஞ்சு வரைக்கும் தொங்கும் சிவப்பு நாக்கு.

"திருஷ்டி பொம்மைடா," என்றாள் காமு.

"தெரியுது யக்கா. பொம்மைக்கும் அது தெரியணுமில்ல?"

கட்டடம் கட்டும் இடத்தில் திருஷ்டி பொம்மை கட்டுவது எல்லா ஊரிலும் உண்டு. ஜெரோமே ஆயிரம் பார்த்திருக்கிறான். ஆனாலும் இது அவனைப் பார்த்த விதம் சரியில்லை. கட்டிலின் பக்கம் நகர்ந்தான். அங்கும் அது பார்த்தது. மேசை பக்கம் போனான். அங்கும் விடவில்லை.

"கொஞ்ச நாளா இருக்கு," என்றாள் மஹாலட்சுமி. "ஜன்னலை மூடினா மூச்சு முட்டுது. திறந்தா இது. அப்போலேர்ந்துதான் மெயிலும் வருது."

அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். பெயரில்லாத ஒருவன் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்பியிருந்தான்.

'ஜான்சிக்கு என்ன எழுதினே? தனியா இருக்க பயமா இருக்குன்னா? பயப்பட வேண்டியதுதான். வீட்டை விட்டுப் போ.'

இன்னொன்று: 'போலீசுக்கு எழுதறதுக்கு முன்னாடி யோசி. நீ எழுதறதை முதல்ல படிக்கிறது நான்தான்.'

"ஜான்சி என் ஃப்ரெண்ட். அவளுக்கு மட்டும்தான் எழுதினேன். அவகூட ஒருத்தர்கிட்டயும் சொல்லல." மஹாலட்சுமி ஜன்னல் பக்கம் கை காட்டினாள். "அந்தக் கட்டடத்து புரோமோட்டர் ரொம்ப நாளா எங்க வீட்டைக் கேக்கறார். முடியாதுன்னு சொல்லிட்டேன். இது எங்க அம்மா வீடு. ஆனா இப்போ முடியல மேடம். பரணிகிட்டே சொன்னேன். 'நீ தனியா கஷ்டப்பட வேணாம்மா, வித்துடலாம், நான் போன்ல பேசி முடிச்சிடறேன்'னு சொல்லிட்டார். காலைல ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்து. அதுக்குள்ள அவன் யாருன்னு தெரிஞ்சா..."

சொல்லி முடிக்கவில்லை. லேப்டாப் 'டிங்' என்றது. புது மெயில்.

'ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கே. குள்ளமா ஒருத்தன், குடையோட ஒருத்தி. அவங்க போவாங்க இல்ல? அப்புறம் நீ தனிதானே?'

ஜெரோம் மெயிலை இரண்டு தடவை படித்தான். ஜன்னலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான். நாக்கு காற்றில் ஆடியது.

"குள்ளம்னு சொல்றான் பாருங்க யக்கா," என்றான், குரல் உடைந்து. "இதுக்கே கேஸ் போடலாம்."

அதே நேரம் முன்தெருவில் 'டமார்' என்று ஒரு வெடிச் சத்தம். மின்விசிறி முனகிக்கொண்டே நின்றது. விளக்கு அணைந்தது. மழை மேகம் கவிந்திருந்ததால் சாயங்காலமே அறை இருண்டது. மஹாலட்சுமி பயத்தில் ஜெரோமின் கையைப் பிடித்தாள். ஜெரோம் அதைவிடப் பயத்தில் அவள் கையைப் பிடித்தான்.

"டிரான்ஸ்பார்மர்," என்றாள் காமு, இருட்டில். "மழைக்கு வெடிச்சிருக்கு. அசையாதீங்க."

இருட்டில் லேப்டாப் மட்டும் பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது. மூன்று பேர் முகங்களும் நீலமாகத் தெரிந்தன. மறுபடியும் 'டிங்'. ஜெரோம் கண்களை இறுக்க மூடிக்கொண்டான்.

"இது அவன் இல்ல. பரணி," என்றாள் மஹாலட்சுமி. மூச்சு திரும்பியது அவளுக்கு. "சாட்ல வந்திருக்கார்."

ஜெரோம் ஒரு கண்ணைத் திறந்து படித்தான்.

'கரண்ட் போச்சா? பயப்படாதே மஹா. மெழுகுவத்தி பிரிட்ஜ் மேல இருக்கு.'

"தோ பார்றா," என்றான். உடம்பு கொஞ்சம் லேசானது. "புருஷன்னா இப்டி இருக்கணும். கடல் தாண்டி கீறாரு, மெழுகுவத்தி எங்க கீதுன்னு சொல்றாரு. எங்க வூட்ல பக்கத்துல நின்னாலும் தெரியாது எனக்கு."

காமு லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பூனைபோல நடந்து ஹாலுக்குப் போனாள். தனியாக இருக்கப் பயந்து ஜெரோமும் பின்னாலேயே ஓடினான். அவள் மோடத்தின் மேலிருந்த துணியைத் தூக்கினாள். ஒரு விளக்குகூட எரியவில்லை.

"ஜெரோம், இது செத்துப் போச்சு."

"கரண்ட் இல்லன்னா சாகும்தான்."

"அப்போ உள்ளே அஞ்சு கோடும் நிக்குதே, அது யாரோட இன்டர்நெட்?"

ஜெரோம் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்த்தான்.

"கூட்டத்துல உன் பேரைச் சொல்லி ரெண்டு பேர் கூப்பிடறாங்க. ஒருத்தர் தூரத்துல மெதுவா, ஒருத்தன் பக்கத்துல சத்தமா. நீ யார்கிட்டே போவே? அந்த லேப்டாப்பும் அப்படித்தான் போயிருக்கு. இதே பேர், இதே பாஸ்வேர்டு வச்சு எவனோ பக்கத்துல இன்னொரு பெட்டி வச்சிருக்கான். அவ அனுப்பற எல்லாம் அவன் கை வழியாப் போகுது."

"பக்கத்துலன்னா எங்க யக்கா?" கேட்டிருக்கக் கூடாது என்று கேட்ட பிறகு தோன்றியது.

"எங்கே கரண்ட் இருக்கோ, அங்கே."

அவள் பின் அறைக்குத் திரும்பி ஜன்னலைக் காட்டினாள். முன்தெரு முழுக்க இருட்டு. பின்தெரு வேறு டிரான்ஸ்பார்மர். அங்கே எல்லா வீட்டிலும் விளக்கு. பாதி கட்டிய கட்டடத்தில், அந்த முகத்துக்குப் பின்னாலும் மஞ்சளாக ஒரு வெளிச்சம்.

காமு மஹாலட்சுமியின் தோளைத் தொட்டாள். "நீ வெளியே வராதேம்மா. ஹெட்போனை மாட்டிக்கிட்டு இங்கேயே இரு. கம்ப்யூட்டர்ல கால் வந்தா எடு. ஒண்ணும் பேசாதே, கேட்டுக்கிட்டு மட்டும் இரு."

"கால் யாரு பண்ணுவாங்க?"

"நான் பண்றேன்." வாசலுக்குப் போனவள் திரும்பினாள். "ஒரு விஷயம். கரண்ட் போனதும் நீ ஏதாவது டைப் பண்ணியா?"

"இல்லைங்க. கையே ஓடல."

காமு "சரி" என்று மட்டும் சொன்னாள்.

கட்டடத்து வாசலில் வாட்ச்மேன் சேட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தான். இரும்பைத் தட்டுகிற மாதிரி இருமினான்.

"மேல கட்டியிருக்கற பொம்மை உன் வேலையா?" என்று கேட்டாள் காமு.

"ஆமாம்மா. நான்தான் ரோட்டப் பாத்து கட்னேன்."

"இப்போ ரோட்டைப் பார்க்கலையே? அந்தப் பக்கம் ஒரு வீட்டுப் பின்புறத்தைத்தானே பார்க்குது?"

"அதத்தான் நானும் கேட்டேன்! ரோட்ல போறவன் வர்றவன் கண்ணுதானே படும்? எவனுமே இல்லாத பக்கம் திருப்பி வெச்சா இன்னாத்துக்குன்னு? மேல ரூம்ல தங்கிக்கிற இன்ஜினியர் சாரு, 'வாஸ்துக்கு அப்டித்தான்யா'ன்னு சொல்லி அவரே திருப்பிட்டாரு. புரோமோட்டருக்குத் தெரிஞ்சவரு. நமக்கு இன்னாத்துக்கு பேஜாரு?"

காமு ஜெரோமைப் பார்த்தாள். "ஊர்ல அத்தனை திருஷ்டி பொம்மையும் தெருவைப் பார்க்குது. இது மட்டும் ஒரு பொண்ணோட ஜன்னலைப் பார்க்குது. ஏன்னா பார்க்க வேண்டியது பொம்மை இல்ல, அதுக்குப் பின்னாடி இருக்கறது. ஏறு."

"நான் முன்னாடியா?"

"நீதானே குள்ளம். தலையில இடிக்காது."

படிகளுக்குக் கைப்பிடி இல்லை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் இருட்டு. மழைத் தண்ணீர் சிமெண்டில் வழிந்து வழுக்கியது. ஜெரோம் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டான். மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி, பொன்னியம்மனுக்கு ஒரு தேங்காய் என்று நேர்ந்துகொண்டான். யார் முதலில் வந்தாலும் சரி.

இரண்டாம் தளத்தில் ஒட்டுப்பலகையில் கதவு மாதிரி ஒன்று. தள்ளியதும் திறந்தது. உள்ளே யாருமில்லை. ஒரு மடக்குக் கட்டில், கொசுவத்தி, நெட்டுக்காக டேட்டா கார்டு செருகிய ஒரு லேப்டாப். ஜன்னல் ஓட்டையில் பொம்மையின் பின்பக்கம். அந்த முகத்துக்குப் பின்னால் மாவு சலிக்கும் இரும்புச் சல்லடை ஒன்று கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அதன் நடுவில் இரண்டு கொம்பு வைத்த ஒரு பெட்டி பச்சையாகக் கண் சிமிட்டியது.

"சல்லடையா!" என்றான் ஜெரோம். "முறுக்கு சுடறவன் கையில மாட்டிகினோமா?"

"கார் விளக்குக்குப் பின்னாடி வளைஞ்ச தகடு இருக்குமே, அந்த மாதிரி. சிக்னலை ஒரே பக்கமாத் தள்ளும். நேரா அவ ஜன்னலுக்கு."

ஜெரோம் சுவரைப் பார்த்தான். அங்கே ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. "இது ஒன்றரை மணி லேட்டா ஓடுது யக்கா. கடிகாரத்தக்கூட ஒழுங்கா வெக்கத் தெரியாதவன் இன்னா இன்ஜினியரு?"

"லேட் இல்லடா. ரொம்பச் சரியா வச்சிருக்கான்." காமு லேப்டாப்பின் அருகே குனிந்து, ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, திறந்தே கிடந்த சாட்டில் கால் பட்டனைத் தட்டினாள். எதிர் ஜன்னலில் நீல வெளிச்சத்தில் மஹாலட்சுமியின் தலை நிமிர்ந்தது.

அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது.

செருப்பு நனைந்து 'சதக் சதக்' என்று ஏறி வந்தது. ஒளிய இடமில்லை. ஜெரோம் கையில் கிடைத்ததைப் பிடுங்கினான். சுவர்க் கடிகாரம். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அதன் முள் ஓடும் சத்தமா, தன் இதயமா என்று அவனுக்கே தெரியவில்லை.

கதவு திறந்தது. முப்பது வயது ஆள். ஒரு கையில் பரோட்டா பொட்டலம். தலையெல்லாம் மழை. அவர்களைப் பார்த்ததும் பொட்டலத்தைப் போட்டுவிட்டு, மூலையில் கிடந்த செண்டரிங் கம்பியைத் தூக்கினான்.

"யாரு நீங்க? யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க?"

கம்பி ஜெரோமின் மூக்குக்கு நேராக நின்றது. அவன் கண்ணை மூடினான்.

"வணக்கம் பரணி," என்றாள் காமு. "ஷார்ஜாவுல மழையா?"

ஜெரோம் கண்ணைத் திறந்தபோது கம்பி மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன... என் பேரு..."

"முதல்ல எனக்கும் தெரியல. கரண்ட் போச்சு, உடனே 'கரண்ட் போச்சா'ன்னு கேட்டீங்க. வழக்கமான பவர்கட்டா இருந்தா பேப்பர்ல நேரம் பார்த்திருப்பீங்கன்னு விட்டிருப்பேன். இது டிரான்ஸ்பார்மர் வெடிச்சுப் போனது. அவ ஒரு எழுத்துகூட டைப் பண்ணல. அந்தச் சத்தம் ஷார்ஜா வரைக்குமா கேக்கும்? இந்தக் கடிகாரமும் ஷார்ஜா நேரம்தானே காட்டுது?"

பரணி கட்டிலில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் ஆள் பாதியாகச் சுருங்கிவிட்டான்.

"வேலை போயிடுச்சுங்க. கம்பெனியே மூடிட்டான். திரும்பி வந்து அவகிட்டே சொல்ல முடியல. படப்பையில ஃப்ரெண்ட் ரூம்ல இருந்தேன். இந்த புரோமோட்டர் வீட்டுக்கு நல்ல விலை சொன்னார். எத்தனை தடவை கேட்டாலும் அவ அம்மா வீடு, அம்மா வீடுன்னா... பயந்தா அவளே வித்துடுவான்னு நினைச்சேன். அடிக்கலைங்க, தொடக்கூட இல்லைங்க. வெறும் மெயில்தான்." கையெடுத்துக் கும்பிட்டான். "நாளைக்கு ஒருநாள் விடுங்க. கையெழுத்து ஆனதும் ஃபிளைட்ல வந்த மாதிரி வந்துடறேன். அவகிட்டே மட்டும் சொல்லாதீங்க."

"நான் சொல்லல," என்றாள் காமு.

லேப்டாப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. அதே குரல், அதே நொடியில், எதிர் ஜன்னல் வழியாகவும் மழையோடு கேட்டது.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

பரணி துள்ளி எழுந்தான். எதிரே மஹாலட்சுமி ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள். அவன் சட்டென்று ஒதுங்கி அந்தப் பொம்மை முகத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டான்.

"கரண்ட் போச்சான்னு கேட்டீங்களே," என்றாள் அவள். அழவில்லை. "அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்ளோ தெம்பா இருந்துச்சு தெரியுமா? இத்தனை நாள்ல அது ஒண்ணுதான் நிஜமாக் கேட்டிருக்கீங்க போல. அதுலேயே மாட்டிக்கிட்டீங்க."

"மஹா, நான்..."

"நாளைக்கு நான் எங்கேயும் கையெழுத்துப் போட வரல."

திரையில் இணைப்பு அறுந்தது. எதிர் ஜன்னலை அவள் மூடவில்லை. அங்கேயே நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பொம்மைக்குப் பின்னால் பரணி தலையைத் தூக்கவே இல்லை.

ஜெரோம் அந்த முகத்தை இப்போதுதான் பின்பக்கமிருந்து பார்த்தான். கறுப்பும் இல்லை, கண்ணும் இல்லை. பழைய ஒட்டுப்பலகையை வெட்டிச் செய்த வெறும் பலகை. அதற்குத்தான் மாதாவுக்கும் பொன்னியம்மனுக்கும் சேர்த்து நேர்ந்துகொண்டிருந்தான். வேண்டிக்கொண்டது வேண்டிக்கொண்டதுதான், என்ன செய்வது.

பரணியைக் கீழே சேட்டுவின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, அவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். சேலையூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதா வேண்டாமா என்பது அவள் முடிவு என்று காமு சொன்னாள். போகத்தான் வேண்டும் என்றாள் மஹாலட்சுமி. முதலில் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.

கரண்ட் வந்தது. ஜெரோம் நாற்காலி போட்டு ஏறி, மோடத்தைச் சந்திலிருந்து விடுதலை செய்தான். துணியை உதறி எறிந்தான். பீரோ, பிரிட்ஜ் எதுவும் மறைக்காத உயரத்தில் பரண் விளிம்பில் வைத்து, அதன் கொம்பை நேராக நிமிர்த்தினான். பேரையும் பாஸ்வேர்டையும் மாற்றினான். பிறகு கடைசி அறைக்கு ஓடிப் போய் லேப்டாப்பைப் பார்த்தான். முகம் தொங்கியது.

"ரெண்டு கோடுதான் மேடம் வருது. நடுவுல மூணு செவுரு கீது. இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது."

மஹாலட்சுமி கிட்டே வந்து, அந்த இரண்டு கோட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போதும்ண்ணா," என்றாள். "ரெண்டும் எங்க வீட்டுதுதானே?"